அத்தை காதில் சொன்னது

ஜன்னல் சீட்டு பாப்பாவுக்கே இருக்கட்டும்மா. எனக்கு வேணாம், டிவி தெரிஞ்சாப் போதும். ஐயோ, டிவி பாக்கணும்னு ஏறலம்மா. கண்டக்டர் இந்தப் படத்தைப் போடுவாருன்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? பூந்தமல்லி தாண்டினதும் சாமி பாட்டு போட்டாரு. சரி, கொஞ்சம் கண்ணை மூடலாம்னு பாத்தேன். திடீர்னு இந்த டைட்டில் மியூசிக். தூக்கிவாரிப் போட்டுடுச்சு. 'சித்தப்பாவுக்கு லீவு.' நீங்க பாத்திருக்கீங்களா? எத்தனை தடவை? பாருங்க, எல்லாரும் அஞ்சு தடவை, ஆறு தடவைன்னுதான் சொல்றாங்க. பொங்கலுக்கும் போடறான், தீபாவளிக்கும் போடறான். சிரிச்சு சிரிச்சு வயித்தை வலிக்குதாம். வலிக்கட்டும்.

அந்தச் சின்னப் பொண்ணு பேசுது பாருங்க, 'சித்தப்பா, இந்த மீசை முளைச்சதா, ஒட்டினதா?'ன்னு. அந்தக் குரல் என்னுது.

நிஜமாம்மா. நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்? எனக்கு அம்பத்தெட்டு வயசு. தொண்டைக்கு மட்டும் வயசாகல. டப்பிங் ஆர்ட்டிஸ்ட் நான். சாலிகிராமத்துல போயி கோமளவல்லின்னு கேட்டா யாருக்கும் தெரியாது. 'குழந்தை கோமளா'ன்னு கேட்டீங்கன்னா டீக்கடைக்காரர் வரைக்கும் வழி சொல்லுவாரு. சினிமாவுல குழந்தைங்க பேசறதெல்லாம் அதுங்களே பேசறதுன்னு நினைச்சீங்களா? முக்கால்வாசி எங்களை மாதிரிப் பொம்பளைங்கதான். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, மூட்டு வலியோட மைக் முன்னாடி நின்னுக்கிட்டு, 'அம்மா, பசிக்குதும்மா'ன்னு கொஞ்சுவோம். பாப்பா, உன் பேரென்ன? ஆதிராவா? ஆறு வயசா? 'ஆதிராக்கா, ஆதிராக்கா, எனக்கு ஒரு பிஸ்கட் குடேன்!' பாத்தீங்களா, கண்ணு எப்படி விரியுது! பிஸ்கட்டையே நீட்டிட்டா. வச்சுக்கோ கண்ணு, நான் சும்மா விளையாடினேன்.

அந்தப் படத்துல ஓடுறாளே, அவ என் தம்பி பொண்ணு. எழிலி. முகம் மருமகளோடது, குரல் அத்தையோடது. ஊர்ல எந்தக் குடும்பத்துக்கு இப்படி அமையும் சொல்லுங்க. என் தம்பி குணசீலன் கிருஷ்ணகிரியில வாத்தியார். தமிழ் வாத்தியார், அதான் பேரெல்லாம் இப்படி. எழிலின்னா மழை மேகமாம். பேரைத் தேடிப் பிடிச்சது அவன், காதுல சொன்னது நான். எங்க பக்கம் அத்தைதானே சொல்லணும்? குழந்தையை மடியில போட்டுக்கிட்டு, வெத்தலையால மறைச்சுக்கிட்டு, மூணு தடவை. உங்க பக்கமும் அப்படித்தானா? பதினாறாம் நாள். 'எழிலி, எழிலி'ன்னு ரெண்டு தடவை சொன்னேன், தூங்கிக்கிட்டே இருந்தா. மூணாவது தடவை சொன்னதும் கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தா. பதினாறு நாள் குழந்தைக்கு என்னடி தெரியும்னு சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. பாத்தாம்மா. எனக்குத் தெரியும்.

அவகிட்டதான் போயிட்டிருக்கேன் இப்ப. கிருஷ்ணகிரிக்கு. எழிலிக்குப் பொம்பளைப் புள்ள பொறந்திருக்கு. இன்னிக்குப் பேரு வைக்கிறாங்க, பதினோரு மணிக்கு.

ஆமாம்மா, பதினோரு மணிக்கு இந்த பஸ் ஆம்பூரைக்கூடத் தாண்டாது. தெரியும். அது வேற கதை. நீங்க படத்தைப் பாருங்க.

இந்த எடம் பாருங்க, ஜடை பின்றாரு ஹீரோ. மூணு காலா எடுத்துட்டு, கயிறு முறுக்குற மாதிரி முறுக்கி, கடைசியில அவர் விரலும் சேந்து மாட்டிக்கும். தியேட்டர்ல விசில் அடிச்ச சீன் இது. இது யார் வீட்ல நடந்துச்சுங்கிறீங்க? என் வீட்ல. எனக்கு ஜடை பின்ன வராது. என் தலையைப் பாத்தாலே தெரியும், நாப்பது வருஷமா ஒரே கொண்டை. எழிலி வந்த மொத நாள் காலையில, ரிப்பனோட என் முன்னாடி வந்து முதுகைத் திருப்பி உக்காந்தா. அரை மணி நேரம் போராடினேன். கண்ணாடியைப் பாத்துட்டு, 'அத்தை, பரவால்ல, யாரும் என்னைப் பாக்க மாட்டாங்க'ன்னா. ஆறு வயசு! எனக்கு ஆறுதல் சொல்றா!

ஏன் வந்தாளா? தம்பி பொண்டாட்டி மரகதம் ரெண்டாவது உண்டாயிருந்தா. இடுப்பை அசைக்கக் கூடாது, படுத்தே கெடக்கணும்னுட்டாரு டாக்டர். தம்பிக்குப் பள்ளிக்கூடம். ஒரு மாசம் பாத்துக்க அக்கான்னு கொண்டாந்து விட்டான். அஞ்சு மாசம் இருந்தா. எனக்கும் யாரு இருக்கா? கல்யாணம்னு ஒண்ணு ஆச்சு, எட்டு மாசத்துல முடிஞ்சுபோச்சு, அதைப் பத்திப் பேச ஒண்ணுமில்ல. தொழில்ல நூறு குழந்தையா பேசியிருக்கேன், ஆனா வீட்டுக்கு வந்தா எனக்குன்னு ஒரு தட்டு, ஒரு டம்ளர். அந்த வீட்ல ரெண்டாவது தட்டு கழுவினது அப்பதான்.

சாப்பிட மாட்டா. அதுதான் பெரிய பாடு. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு ஜந்து வந்து ஊட்டணும். மொத வாய் யானைக் குரல்ல, அடுத்தது காக்கா, அப்புறம் கிழட்டுச் சிங்கம். ஒரே ஜந்து ரெண்டு தடவை வந்தா வாயை மூடிக்குவா. எனக்கென்ன, கைவந்த வேலை! தயிர் சாதம் முடியறதுக்குள்ள ஒரு காடே வந்துட்டுப் போயிடும். டப்பிங் தியேட்டருக்கும் கூட்டிட்டுப் போவேன், வீட்ல யார்கிட்ட விடறது? அங்க வராண்டாவுல உக்காந்து நான் இவளுக்கு ஊட்டிக்கிட்டிருந்தப்பதான் இந்தப் பட டைரக்டர் பாத்தாரு. தூண் பக்கத்துல நின்னு டிபன் டப்பா காலியாகுற வரைக்கும் பாத்தாரு. 'மேடம், நான் ஒரு சித்தப்பா கதை வச்சிருக்கேன். பொண்ணு கெடைக்காம நாலு மாசமா அலையுறேன்'னாரு.

அதான் சொல்றேன். இந்தப் படத்துல இருக்கற ஜடை, அந்த ஜந்துங்க ஊட்டுறது, ராத்திரி டார்ச் லைட்டைப் பிடிச்சு நிழல்ல கதை சொல்றது, எல்லாம் எங்க வீட்டுச் சமாச்சாரம். டைரக்டர் நோட்டுப் புஸ்தகத்தோட வந்து உக்காந்து எழுதிக்கிட்டுப் போனாரு. அத்தைன்னு எழுதாம சித்தப்பான்னு எழுதிட்டாரு. ஆம்பளை முழிச்சாத்தான் ஜனம் சிரிக்கும், பொம்பளை குழந்தைக்குச் சோறு ஊட்டினா என்ன சிரிப்புன்னாரு. அவர் சொன்னதும் நியாயம்தான்.

மரகதத்துக்கிட்ட போன்ல கேட்டோம். அவ ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. 'அண்ணி, நடிக்கட்டும். ஆனா அழ வைக்கிற சீன் எதுவும் வேணாம். அவ தாங்க மாட்டா.' நான் இருக்கேன்ல மரகதம்னேன்.

நான் நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். கேட்டுப் பாருங்க யாரையாவது. வெயில்ல நிக்க விடல. கேரவன்ல ஹீரோவுக்கு ஏசி போட்டாங்க, போயி சண்டை போட்டு இவளையும் உள்ள உக்கார வச்சேன். போன் மட்டும் கொஞ்சம் குறைச்சேன். வீட்டுக்காரம்மா வீட்ல கீழ போன் இருந்துச்சு. மொதல்ல தினமும் சாயங்காலம் அவங்கம்மாகிட்ட பேச வைப்பேன். பேசி முடிச்சா அரை மணி நேரம் மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருப்பா. எதுக்குப் புள்ளைய அழ விடணும்? ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை மட்டும். குறைச்சதும் பாருங்க, கேக்கறதையே நிறுத்திட்டா. பழகிட்டா என்கூட. காலண்டர்ல தினமும் ஒரு கட்டத்துக்குக் கோடு போடுவா, அது ஒரு விளையாட்டு அவளுக்கு. எதுக்குடின்னு கேட்டா சொல்ல மாட்டா.

நானும் சும்மா இல்ல. அவளுக்குன்னு ஒரு சின்னக் கட்டில் வாங்கினேன், தேக்கு இல்ல, வேம்பு. பக்கத்துத் தெரு பள்ளிக்கூடத்துல ரெண்டாம் வகுப்புக்கு எடம் இருக்கான்னு ஒரு வார்த்தை விசாரிச்சும் வச்சேன். சும்மா விசாரிச்சதுதான். மரகதத்துக்கு இன்னொரு குழந்தை பொறக்கப் போகுது, ரெண்டையும் எப்படிச் சமாளிப்பா, அவளுக்கும் உதவியா இருக்கட்டுமேன்னு. தம்பிகிட்டகூடச் சொல்லல. நேரம் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன்.

நாப்பத்திரெண்டு நாள் ஷூட்டிங். நாப்பதாவது நாள் தம்பி போன் பண்ணான். ஆம்பளைப் புள்ள, ரெண்டு பேரும் நல்லாருக்காங்க, எழிலிகிட்ட சொல்லிடுக்கான்னான். சொல்லல நான். சொன்னா அந்த நிமிஷமே ஊருக்குப் போகணும்னு நிப்பா. இன்னும் ரெண்டு நாள் வேலை பாக்கி. முடிச்சுட்டு ரெண்டு பேருமாப் போயி இறங்கலாம், சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன். அது தப்பா? நீங்களே சொல்லுங்க.

கடைசி நாள்தான் அந்த சீன். லீவு முடிஞ்சு பொண்ணை ரயில்ல ஏத்தி அனுப்புவாரு சித்தப்பா. பொண்ணு அழணும். கதை கேட்டப்ப அந்த சீன் இல்லம்மா, அப்படித்தான் எனக்கு ஞாபகம். இருந்திருந்தாலும் நான் கவனிக்கல. ஹீரோ அன்னிக்கு ஒரு நாள்தான் தருவேன்னுட்டாரு. ஸ்டேஷன்ல அஞ்சு மணி வரைக்கும்தான் அனுமதி. பூசணிக்காய்கூட வாங்கி வச்சாச்சு, முடிஞ்சதும் உடைக்க. இவ அழ மாட்டேங்கிறா! நாலு மாசமா எல்லாரும் கொஞ்சிக் கொஞ்சி வச்சிருக்கோம், எங்கேர்ந்து அழுவா? கிளிசரின் போட்டாங்க, எரியுதுன்னு கண்ணைக் கசக்கிட்டு சிரிக்கிறா. அசிஸ்டென்ட் ஒருத்தன் மிரட்டிப் பாத்தான், அவனுக்கே நாக்கைத் துருத்திக் காட்டினா. மணி நாலே முக்கால். நூறு பேர் நிக்கிறாங்க. டைரக்டர் என்கிட்ட வந்து, 'மேடம், நீங்கதான் ஏதாவது பண்ணணும். கேமரா ஓடட்டும். காதுல ஒரு வார்த்தை சொல்லிட்டு ஃபிரேமை விட்டு விலகிடுங்க'ன்னாரு. இது எங்க தொழில்ல இருக்கறதுதாம்மா. கூட வந்தவங்க யாராவது போய்க் காதுல எதையாவது சொல்லுவாங்க. நாய்க்குட்டி காணாமப் போச்சுன்னு சொல்லுவாங்க. அப்புறம் இல்லடா, சும்மான்னு தூக்கிக்குவாங்க. நான் எத்தனை பாத்திருக்கேன்.

நானும் சொன்னேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு ஏதோ ஒரு சின்னப் பொய். அழுதா. ஒரே டேக்ல ஓகே. எல்லாரும் கை தட்டினாங்க, பூசணிக்காயை உடைச்சாங்க. ஹீரோ ஒரு பெரிய சாக்லேட் டப்பாவை நீட்டினாரு, இவ கையை நீட்டவே இல்ல. தூக்கிக்கிட்டு, 'சும்மாடி, அத்தை சும்மா சொன்னேன், படத்துக்காக'ன்னு நூறு தடவை சொல்லியிருப்பேன். தலையை ஆட்டினா. ஆட்டோவுல வர்றப்ப மட்டும், 'அத்தை, தம்பிப் பாப்பாவும் சும்மாவா?'ன்னு கேட்டா. இல்லடி, அது நிஜம்னேன்.

இல்ல, தம்பிப் பாப்பா பேச்சு எப்படி வந்துச்சுன்னா... பாருங்க, பாப்பா தண்ணி கேக்குறா, குடுங்க மொதல்ல.

மறுநாளே கிருஷ்ணகிரிக்குக் கூட்டிட்டுப் போனேன். இதே ரோடுதான். வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நான் உள்ள போயிட்டேன். திரும்பிப் பாத்தா இவ வாசப்படிக்கு வெளியிலயே நிக்கிறா. பையைத் தோள்லேர்ந்து இறக்கக்கூட இல்ல. மரகதம் கட்டில்ல குழந்தையோட படுத்திருக்கா, 'வாடி தங்கம்'னு கையை நீட்டுறா. இவ அங்கேயே நின்னுக்கிட்டு, 'நான் உள்ள வரலாமா?'ன்னு கேட்டா.

அவ பொறந்த வீடும்மா அது.

மரகதம் எழுந்துட்டா. எழுந்திரிக்கக் கூடாதவ, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு வாசலுக்கே வந்துட்டா. என்னடி ஆச்சு, யாரு என்ன சொன்னாங்கன்னு மண்டி போட்டு உக்காந்து கேட்டா. இவ அவங்கம்மா காதுல சொன்னா. நான் என்ன சொன்னேனோ அதை அப்படியே, என் குரல்லயே சொல்லியிருப்பா, கெட்டிக்காரி. மரகதம் என்னைத் திட்டல. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், சண்டை முடிஞ்சு சேந்திருப்போம். 'அண்ணி, நீங்க கிளம்புங்க'ன்னா. அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணி குடிக்கல நான் அந்த வீட்ல.

பதினாறாம் நாள் அந்தப் பையனுக்குப் பேரு வச்சாங்க. கூடப் பொறந்த அத்தை நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எங்க சித்தப்பா மக ஒருத்தி, தருமபுரியிலேர்ந்து வரவழைச்சு அவளைச் சொல்ல வச்சாங்க. இதைவிட என்னம்மா அவமானம் வேணும் ஒரு பொம்பளைக்கு? எழிலி கல்யாணத்துக்குப் பத்திரிகை தபால்ல வந்துச்சு, கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாள். பதினெட்டு வருஷம். ஒரே ஒரு வார்த்தைக்குப் பதினெட்டு வருஷம். படத்துல எல்லாரும் பாராட்டினாங்க, 'அந்தக் குழந்தை என்னமா அழுவுது'ன்னு பத்திரிகையில எழுதினான், அதுக்கு யாராவது என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?

அந்தக் கட்டிலா? இருக்கு. துணி மடிச்சு வைக்கிறேன் அதுல.

டப்பிங் எப்படி நான் பேசினேன்னு கேக்குறீங்களா? நல்ல கேள்வி. இவளோட சொந்தக் குரல்லதான் வரணும்னு டைரக்டருக்கு ஆசை. மரகதம் அனுப்பல. அப்புறம் யாரு பேசறது? அஞ்சு மாசம் கூட இருந்தவ, அவ எங்க மூச்சு வாங்குவா, எந்த எழுத்துல நாக்கு சறுக்குவான்னு தெரிஞ்சவ நான்தானே. மூணு நாள்ல முழுப் படமும் பேசிட்டேன். இந்தச் சிரிப்பெல்லாம் நான்தான். அவ என் பக்கத்துலயே இருந்த மாதிரிதான் இருந்துச்சு அந்த மூணு நாளும். கடைசி சீன் மட்டும் வரல. பதினாலு டேக். அழுகை வரல எனக்கு. நூறு படத்துல அழுதவளுக்கு வரல. ஷூட்டிங்ல ஒலி பிடிப்பாங்க இல்ல, வாயசைவு பாத்துப் பேசறதுக்காக, அதை ஹெட்போன்ல போட்டு விட்டாரு சவுண்ட் இன்ஜினியர். அதுல அவ அழறது கேக்குது. அதுக்கு முன்னாடி, நான் காதுல சொன்னதும் கேக்குது. மைக் தலைக்கு மேலதானே தொங்கிக்கிட்டிருந்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் தலையைத் தூக்கி என்னைப் பாத்தாரு. வயசானவர். நாலு பேரப்பிள்ளை அவருக்கு. நான் காதுல சொன்னதைத் துடைச்சுட்டு, 'அழுகை குழந்தையோடதே இருக்கட்டும்மா, வசனத்தை மட்டும் நீங்க மேல பேசுங்க'ன்னாரு. அதனால அந்த ஒரு சீன்ல வர்ற அழுகை மட்டும் எழிலியோடது. டிவியில போட்டா நான் அதுக்கு முன்னாடியே எழுந்து அடுப்படிக்குப் போயிடுவேன். பஸ்ஸுல எங்க போறது?

மணி என்ன? பதினொண்ணு ஆகப் போகுதா? மடியில போட்டிருப்பாங்க இந்நேரம்.

இதோ வந்துடுச்சு. ஸ்டேஷன். பாருங்க, இடது பக்கம் ஓரத்துல, அவ காதுக்குப் பக்கத்துல மஞ்சளா ஒண்ணு தெரிஞ்சு மறைஞ்சுச்சே, பாத்தீங்களா? அது என் புடவை. விலகறதுக்குள்ள ஃபிரேம்ல விழுந்துட்டேன். நல்ல டேக்னு விட்டுட்டாங்க.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னதா உங்ககிட்ட சொன்னேன் இல்ல? அப்படிச் சொல்லலம்மா நான். நீங்க யாரோ, நான் யாரோ, இன்னும் ரெண்டு மணி நேரத்துல இறங்கிப் போகப் போறேன், உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். 'உங்கம்மாவுக்குத் தம்பிப் பாப்பா பொறந்துடுச்சு. இனிமே நீ வேணாமாம்'னு சொன்னேன். அதுக்கு அவ அழல. என் முகத்தையே பாத்தா. நம்பல அவ. எங்கம்மா அப்படிச் சொல்ல மாட்டாங்கன்னு அந்த மூஞ்சியில எழுதியிருந்துச்சு. கேமரா ஓடுது. பின்னால நூறு பேர். சரி, இவ அழ மாட்டா, தோத்தோம்னு நான் எழுந்திரிச்சிருக்கணும். எழுந்திரிக்கல. இன்னொண்ணு சொன்னேன். அதைச் சொல்லச் சொல்லி டைரக்டர் கேக்கல. யாரும் கேக்கல. எனக்கா வாயில வந்துச்சு. 'பரவால்லடி கண்ணு. இனிமே நான்தான் உனக்கு அம்மா. நம்ம வீட்லயே இருந்துடலாம், என்ன?'

அதுக்குத்தாம்மா அழுதா.

இதோ, இந்த அழுகை. இதைக் கேளுங்க. அம்மா வேணாம்னு சொன்னாங்கன்னதுக்கு அழாதவ, அத்தைகூட இருன்னதுக்கு இப்படி அழறா. உதட்டைப் பாருங்க, 'அம்மா, அம்மா'ன்னுதான் சொல்றா. அது மேலதான் நான் 'சித்தப்பா'ன்னு பேசி வச்சிருக்கேன்.

சிரிப்பாங்க இப்ப. ஹீரோ அவளைவிடச் சத்தமா ஒப்பாரி வச்சு, போர்ட்டர் துண்டை வாங்கி மூக்கைச் சிந்துவாரு. பாத்தீங்களா, பஸ்ஸே சிரிக்குது. டிரைவர்கூட சிரிக்கிறாரு. எத்தனை வருஷமா சிரிக்கிறாங்க இந்த எடத்துக்கு. பாப்பா மட்டும் சிரிக்கல. ஏன் கண்ணு? 'அந்த அக்கா நிஜமா அழறாங்க'ங்கிறா. ஆமாடா. நிஜமாத்தான் அழறா. ஆறு வயசுக்குத் தெரியுது பாருங்க.

தம்பி ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணான். 'அக்கா, எழிலியே சொல்லிட்டா, அத்தை வரட்டும்பான்னு.' எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கொலுசு வாங்கினேன், சட்டை வாங்கினேன். யானை, காக்கா, சிங்கம் எல்லாக் குரலும் இன்னும் வருதான்னு கதவைப் பூட்டிக்கிட்டுப் பேசிப் பாத்தேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன். நேத்து மறுபடியும் கூப்பிட்டான். சுத்தி வளைச்சு, இருமி, கனைச்சு, 'அக்கா, பேரு வச்சு முடிஞ்சப்புறம் வா, சாப்பாட்டு நேரத்துக்கு'ன்னான். ஏன்டான்னேன். அப்புறம் சொன்னான். 'குழந்தையைப் பாக்கலாமாம். தூக்கலாமாம். காதுகிட்ட மட்டும் போகக் கூடாதுன்னு எழிலி சொல்றாக்கா.'

அதான் எட்டு மணி பஸ். கணக்குப் போட்டுத்தான் ஏறினேன்.

இல்ல, கோவம் வரலம்மா எனக்கு. நேத்தெல்லாம் வந்துச்சு, ஆறு வயசுல கேட்டதை இருபத்திநாலு வயசு வரைக்கும் காதுல வச்சிருப்பாளான்னு. இப்ப இந்த அழுகையைக் கேட்டப்புறம் வரல. தூக்கிக்குவேன். கையைத் தள்ளி நீட்டி, இப்படித் தூரமா வச்சுத் தூக்கிக்குவேன். அவ பாத்துக்கிட்டே இருப்பா. ஒரு வார்த்தை பேசாம திருப்பிக் குடுத்துடுவேன். கொலுசை அவ கையிலயே குடுத்துடறேன், அவளே போட்டுக்கட்டும்.

என்னடா கண்ணு, ஏன் என்மேல சாயுற? காதைக் காட்டுறாளே! அந்தக் குட்டிக் குரல்ல உன் பேரை ரகசியமா சொல்லணுமா? வேணாம்டா. நேரா உக்காரு. நல்லா உக்காரு, அம்மா பக்கம் சாஞ்சுக்கோ. ரகசியமெல்லாம் வேணாம், அந்தக் குரலும் வேணாம். என் சொந்தக் குரல்லயே சொல்றேன், உங்கம்மாவுக்கும் கேக்கட்டும்.

ஆதிரா.

ஆதிரா.

ஆதிரா.